போகிக்கு முன்

2024 டிசம்பர், முதல் வாரம்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அந்த ஈரம் காய்வதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கரையோர ஊர்களுக்குள் புகுந்தது.

வெள்ள நிவாரணக் கணக்கில் குடிசை உண்டு, ஆடு மாடு உண்டு, பயிர் உண்டு. கல்யாண ஆல்பத்துக்கு அதில் இடம் கிடையாது.

திண்டிவனத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. கூடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று வடிந்திருந்தது. சென்னையில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் பேரன் வந்து சேர்ந்தபோது, ஆயா நனைந்த ஆல்பத்தின் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேரன் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். நனைந்த படத்தின் மேல்பூச்சு ஊறி இளகியிருக்கும். இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டுத் தானாகப் பிரிய விட்டு, முகம் மேலே தெரியும்படி நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். அதையும் இரண்டு நாளுக்குள் செய்தாக வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் இப்படித்தான் லட்சக்கணக்கான குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் கழுவிக் காயவைத்தார்கள். ரிக்கோ நிறுவனத்தின் திட்டத்துக்கு மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தன.

ஆல்பத்தில் பாதி தப்பியது. அன்றைக்கே பேரன் முடிவு செய்துவிட்டார்: ஆல்பம் மட்டும் போதாது, வீடு முழுவதையும் எடுக்க வேண்டும்.

ஜனவரி 4, சனி – திண்டிவனம்

அவசரத்துக்குக் காரணம் போகி. ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பழையதைக் கழிப்பது இந்த வீட்டு வழக்கம். கொஞ்சம் நெருப்புக்குப் போகும், கொஞ்சம் பழைய இரும்புக்காரருக்குப் போகும். இந்த வருஷம் வெள்ளத்தில் நனைந்தவை வேறு குவிந்து கிடக்கின்றன.

விடிந்ததும் ஆயா துணியும் புளியுமாகப் பித்தளையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

“ஆயா, தொடைக்காத. எது எங்க இருக்குதோ அப்படியே இருக்கட்டும்.”

“ஒட்டடையோட படம் புடிச்சா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க கண்ணு?”

பேரன் வாசற்படியிலிருந்து தொடங்கினார். முதலில் திண்ணை, அடுத்து நடை, அடுத்து கூடம். ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம். பிறகு சுவர் சுவராக. பிறகு மாடம், அலமாரி. கடைசியில்தான் தனித்தனிப் பொருள். எதையும் நகர்த்துவதில்லை. தண்ணீர் நின்ற கறை சுவரில் கோடாகத் தெரிகிறது. அதையும் எடுத்துக்கொண்டார்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் மென்செல் 1994இல் வெளியிட்ட ‘மெட்டீரியல் வேர்ல்ட்’ நூலில் 30 நாடுகளின் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுச் சாமான் அத்தனையையும் வெளியே கொண்டுவந்து பரப்பி, நடுவே குடும்பத்தை நிறுத்தி எடுத்த படங்கள். இந்தியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் அஹ்ரௌராவில் வாழ்ந்த ஒரு குடும்பம் இடம்பெற்றது. யாரிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று நாடுகளை ஒப்பிட அதைவிட நல்ல வழி இருக்க முடியாது. ஆனால் ஒரு குடும்பம் தன் வீட்டைத் தனக்காக எடுத்துவைக்கும்போது அந்த முறை உதவாது. பொருள் இருந்த இடம் போய்விட்டால் பாதிக் கதை போய்விடும்.

அதற்குச் சாட்சி தோட்டத்து வாசலிலேயே இருந்தது. கதவுக்குப் பின்னால், ஆணியில் மாட்டிய சாக்குக்குக் கீழே ஓர் இரும்பு மரக்கால். நெல் அளக்கும் மரக்கால் குதிருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதாயிற்றே, இது ஏன் இங்கே? மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்க வந்தவர்களுக்குக் கூலி அளந்தது இந்த வாசலில்தான் என்றார் ஆயா. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் வந்தது. கடைத்தெருவில் லிட்டரும் கிலோவும் வந்த பிறகும் பல காலம் இந்த வாசலில் கூலி மரக்காலில்தான் அளக்கப்பட்டது. ‘டி.எம்.வி. 2’ என்று நாடெங்கும் விதைக்கப்பட்ட நிலக்கடலை ரகத்தின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் இது. அந்த மல்லாட்டையைப் பிடுங்கிய கைகளுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு இந்த வீட்டில் மிஞ்சிய ஒரே தடயம் இந்த மரக்கால். எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்துப் படம் பிடித்திருந்தால் அது வெறும் பழம்பொருள்.

ஜனவரி 5, ஞாயிறு – திண்டிவனம்

இன்று பரண். தவலை, அண்டா, குண்டான், கூஜா, அடுக்கு. நேராக விளக்கடித்தால் பித்தளை கண்ணைக் கூசவைக்கும், எழுத்து தெரியாது. கேமராவில் ஃபில்டர் போட்டாலும் உலோகத்தின் பளபளப்பு அடங்காது. ஜன்னலைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சைப் பாத்திரத்தின் விளிம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார் பேரன். களிம்புக்கு நடுவிலிருந்து உளிப்புள்ளிகள் எழும்பின. முதலில் இனிஷியல், பிறகு பெயர், கீழே 12-6-57. கடைசி எழுத்தில் உளி வழுக்கிக் கீறல் விழுந்திருக்கிறது. பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டியவருக்கு அன்றைக்கு முகூர்த்த நாள் அவசரமாக இருந்திருக்கலாம்.

“இது எங்கம்மா ஊட்டு சீரு. அந்தக் குண்டான் உங்க தாத்தாவோட அக்கா வெச்ச மொய். அவங்க கைராசி, இன்னும் ஒடுக்கு விழல பாரு.”

ஆயா சொல்லச் சொல்ல செல்போனில் பதிவாகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நம்பர்; படத்துக்கும் குரல் பதிவுக்கும் அதே நம்பர். ஒரு குடும்பத்தில் சீர் எங்கிருந்து வந்தது, மொய் யார் வைத்தார்கள், எந்தச் சம்பந்தம் முறிந்தது என்பதெல்லாம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கிடைக்காது. பித்தளையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எண்பதைத் தாண்டிவிட்டார். பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள், நன்றாகவே எடுக்கிறார்கள். பக்கத்தில் பெரியவரை உட்காரவைப்பதில்லை. அது பெரிய இழப்பு.

ஜனவரி 11, சனி – விழுப்புரம்

பாகப்பிரிவினையில் பாதிச் சாமான் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. மாடி வீடு, கண்ணாடி ஷோகேஸ், டைல்ஸ் தரை. ஆனாலும் சாமி அறைக்கு மேலே பழைய படங்கள் முன்புறம் சாய்ந்தபடியே தொங்குகின்றன, திண்டிவனத்துக் கூடத்தில் தொங்கியது போலவே.

நடுவில் இருப்பது ஸ்டூடியோ படம். தாத்தா நாற்காலியில், ஆயா நின்றுகொண்டு, பின்னால் மாளிகைத் தூண் வரைந்த திரை. ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பிரிக்கக் கூடாது. கேமராவுக்குப் பின்னால் கறுப்புப் போர்வையைக் கட்டி, வெளிச்சத்தை இரண்டு பக்கமும் சரிவாக வைத்துக் கண்ணாடியோடு சேர்த்தே எடுத்தார் பேரன். பின்னட்டையில் ஸ்டூடியோவின் முத்திரை மங்கலாக இருந்தது. அதற்குத் தனிப் படம்.

இந்த முத்திரைகளுக்கு மதிப்பு இருக்கிறது. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் சோயி ஹெட்லியும் அவர் குழுவினரும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித்தேடி மின்பதிவு செய்தார்கள். பல ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக விலைக்குப் போயிருந்தன. அப்படிப் போனவற்றுக்கு இப்போது மிஞ்சியிருப்பது வீடுகளின் சுவரில் தொங்கும் பிரதிகள்தான்.

கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. மேலாகத் திறந்து பார்த்தால் கணக்கு நோட்டுகள், வரி ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள். “இதுல இன்னா இருக்குது, போகில போட்டுடலாம்” என்றார் பெரியப்பா.

பேரன் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தின் பழைய காகிதங்களோடுதான் கிடந்தது. 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை அடையாளம் கண்டார். அதற்கு முன் எந்தக் கறையானாவது முந்தியிருந்தால், 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைத் தமிழில் நாள்தோறும் எழுதிவைத்த சாட்சி நமக்கு இல்லை.

பெரியப்பா பெட்டியை மூடினார். தள்ளி உள்ளே வைத்தார்.

ஜனவரி 13, திங்கள் – போகி, திண்டிவனம்

விடியற்காலையில் தெருப் பிள்ளைகள் மேளம் அடித்தார்கள். நனைந்து மக்கிய பாய்கள், துடைப்பங்கள், கிழிந்த முறம் நெருப்புக்குப் போயின. நெளிந்த தகர டப்பாக்கள் பழைய இரும்புக்காரரின் வண்டிக்கு. போனவை அத்தனைக்கும் படம் இருக்கிறது.

நெருப்பு அணைந்ததும் ஆயா புளியை எடுத்துக்கொண்டு பித்தளை முன்னால் உட்கார்ந்தார். தேய்த்து முடித்ததும் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறார், பேரனும் மறுக்கவில்லை. மூன்று ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்று இங்கே, ஒன்று விழுப்புரத்தில், ஒன்று சென்னையில் என்று ஏற்பாடு. அடுத்த வெள்ளத்துக்கு மூன்று இடமும் ஒன்றாக அகப்படாது.

டிரங்குப் பெட்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது. காணும் பொங்கலன்று செஞ்சியிலிருந்து பெரிய அத்தை வருகிறார். “அவ வர்ற வரைக்கும் பொட்டிய முழுசா தொறக்காதீங்க. கணக்குல யாரு பேரு இன்னான்னு அவளுக்குத்தான் தெரியும்” என்று ஆயா போனில் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்.