எட்டுமுறை அழைத்த தகப்பன்



சொன்னதையே திரும்பச் சொல்வதைக் 'கூறியது கூறல்' என்று நன்னூல் குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறது. ஆயினும் தாவீதின் குடும்பக் கதையை எழுதிய வேத ஆசிரியர், ஒரு தகப்பனின் தனிமையைக் காட்டக் கூறியதையே கூறுகிறார். 2 சாமுவேல் 13 முதல் 19 வரையுள்ள அதிகாரங்களை இந்த வாரம் தொடர்ச்சியாக வாசித்துப் பாருங்கள்.

14ஆம் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'முகம்'. கேசூரில் மூன்று ஆண்டுகள் இருந்த அப்சலோம் எருசலேமுக்கு வருகிறான். ராஜாவின் முகத்தையோ காணக்கூடாது. ஒரே நகரத்தில் இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிகின்றன. முடிவில் முத்தம் கிடைக்கிறது. ஆனால் அந்த வசனத்தில் (14:33) முத்தமிடுகிறவர் 'ராஜா'. 'தகப்பன்' என்ற சொல் அங்கே இல்லை.

பின்பு கலகம், யுத்தம். செய்தி கொண்டுவந்த இருவரிடமும் தாவீது ஒரே கேள்வியைக் கேட்கிறார்: அப்சலோம் சுகமா? மரணச் செய்தியைக் கேட்டதும் கெவுனிவாசலின் மேல்வீட்டுக்கு ஏறிப்போய் அழுகிறார். எபிரெய மூலத்தில் இரண்டே வசனங்களில் (18:33, 19:4) 'என் மகனே' என்பது எட்டுமுறை வருகிறது. உயிரோடிருந்த அப்சலோமை நேரில் அப்படி அழைத்ததாக நாம் வாசிப்பது ஒரே முறை (13:25). அதுவும் அவனுடைய அழைப்பை மறுத்தபோது.

பதில் வந்தால் பேச்சு அடுத்த சொல்லுக்கு நகரும். பதில் சொல்ல ஆள் இல்லாதபோது அதே சொல் திரும்பி வருகிறது. மகனுக்கு முகம் காட்ட மறுத்தவர், இப்போது முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். வென்று வந்த ஜனங்களோ தோற்றவர்களைப்போல ஓசையின்றி நகருக்குள் நுழைகிறார்கள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் எது? வயதான தாயார் ஒரே செய்தியை மூன்றாம்முறை சொல்லும்போது, "இதைத்தான் அப்போதே சொன்னீர்களே" என்று நிறுத்திவிடுகிறோம். முதல்முறை சொன்னபோது எவரும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்காதிருந்திருக்கலாம்.

பல நாட்களாக முகம் பாராதிருக்கும் மகனோ, மகளோ, சகோதரனோ உங்களுக்கு உண்டா? கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே பெயர் சொல்லி அழையுங்கள். ஒருமுறை போதும்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் வீட்டாரின் முகத்தைப் பார்த்துப் பேசவும், அவர்கள் சொல்வதை முதல்முறையே கேட்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.