மிதக்கும் மிளகு: மட்டாஞ்சேரி நாட்குறிப்பு, 2020–21

2020 மார்ச் 28

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் நறுமணப்பொருள் வணிகம் இரு சாராரை நம்பி நடந்து வந்தது: 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தைக் காண வந்து, போகும் வழியில் கால் கிலோ ஏலக்காய் வாங்கும் பயணிகள் ஒரு சாரார், பஜார் ரோட்டின் பாண்டிகசாலைகளில், அதாவது காயல் கரையையொட்டிய பழைய சரக்கறைகளில், மூட்டைக் கணக்கில் கொள்முதல் செய்யும் வியாபாரிகள் மற்றொரு சாரார். மார்ச் நடுவிலேயே குறையத் தொடங்கிய முதல் சாராரை 25ஆம் தேதி தொடங்கிய 21 நாள் பொதுமுடக்கம் முற்றிலும் நிறுத்திவிட்டது. இரண்டாம் சாராரின் லாரிகள் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியவில்லை. போடிநாயக்கனூரிலிருந்து வந்து இங்கே ஊன்றிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கடையில் கணக்கெழுதுபவர் இக்குறிப்புகளைத் தொடங்குவதற்குக் காரணம், பேரேட்டில் பதிய எதுவும் இல்லாமற்போனதே.

ஏப்ரல் 11

கல்லூரி மூடப்பட்டதால் வீடு திரும்பியிருக்கும் முதலாளியின் தங்கை மகன், செயல்விளக்கக் காணொளிகள், அதாவது ஒரு வேலையைச் செய்துகாட்டியே கற்றுத்தரும் சிறு படங்கள், எடுக்கலாம் என்கிறான். மிளகை எப்படித் தேர்வது, ஏலக்காயை எப்படிச் சேமிப்பது என்று இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால், படத்தின் கீழுள்ள விவரப்பகுதியில் தரப்படும் தொலைபேசி எண்ணுக்கு ஆர்டர் வரும் என்பது அவன் கணக்கு. இந்த உத்தி புதியதன்று. டயர் செய்யும் மிஷலின் நிறுவனம் 1900இல் பிரான்சின் கார் ஓட்டிகளுக்கு வழிகளையும் பழுதுபார்க்கும் முறைகளையும் சொல்லும் கையேட்டை இலவசமாக வழங்கியபோது, மக்கள் மேலும் தொலைவு ஓட்டினால் டயர்கள் மேலும் தேயும் என்பதே அதன் உட்கிடையாக இருந்தது.

முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. கற்றுக்கொண்டவர் எந்தக் கடையிலும் வாங்குவாரே என்ற அவருடைய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

ஏப்ரல் 12

இணையச் சுமையைக் குறைப்பதற்காகக் கைப்பேசிகளில் காணொளிகளின் தெளிவு 480 வரிகளுக்குள் நிறுத்தப்பட்டிருப்பதால், எடுத்த படத்தில் மிளகின் சுருக்கங்கள் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 3

கேரள அரசின் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ஜூன் 1 அன்று தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளில், ஒன்றாம் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன ஆசிரியையின் பாடம் குழந்தைகளைக் காட்டிலும் பெரியவர்களிடையே கூடுதலாகப் பகிரப்பட்டது. கேலி செய்தவர்களும் அதை முழுமையாகப் பார்த்துவிட்டே கேலி செய்தனர். ஒரு பாடம் தனக்குரிய மாணவரை விட்டுவிட்டு வேறு யாரையோ சென்றடைய முடியும் என்பதைக் கணக்கர் இங்கே பதிந்துவைக்கிறார். அதனால் கடைக்கு என்ன பயன் என்பது புலப்படவில்லை.

ஜூன் 17

முதலில் எடுத்த படங்களை யாரும் பொருட்படுத்தாத நிலையில், கலப்படச் சோதனை பற்றிய படம் மட்டும் பரவியுள்ளது. அதன் உள்ளடக்கம் எளிது. மிளகில் காய்ந்த பப்பாளி விதையைக் கலப்பது பழைய மோசடி. ஒரு குவளை நீரில் இட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மேலே மிதக்கும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வீட்டுச் சோதனைகளுக்காக வெளியிட்ட கையேட்டிலும் உள்ளது. யூடியூப் 2012 முதல் பார்வைகளின் எண்ணிக்கையைவிடப் பார்வை நேரத்துக்கு, அதாவது ஒருவர் ஒரு படத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதற்கு, முதன்மை தருவதால், விதை மேலெழும் கணத்துக்காக எல்லோரும் காத்திருக்கும் இப்படத்தை அது தானாகவே பலருக்கு முன்வைக்கிறது. பையன் துள்ளுகிறான், முதலாளிகூடச் சிரித்தார்.

ஆர்டர்கள் வரவில்லை. அழைப்புகள் வருகின்றன. அழைப்பவர்கள் வேறெங்கோ வாங்கிய மிளகை நீரில் இட்டுவிட்டு, மிதப்பது என்னவென்று கேட்கிறார்கள்.

ஜூன் 30

டிக்டாக் நேற்றிரவு தடைசெய்யப்பட்டது. பையன் அதில் ஏற்றியிருந்த படங்களும் அதோடு போயின.

ஆகஸ்ட் 21

மேற்குக் கொச்சியில் நோய் பரவியதால் பல தெருக்கள் அடைக்கப்பட்டுள்ளன. இம்மாதத்தில் எழுதத்தக்கது ஒரே ஒரு செய்தி. அது கணக்கரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

இக்கடையிலேயே வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், இக்கடையின் படத்தில் கண்டபடியே சோதித்து, மிளகு மிதக்கிறது என்று குற்றம்சாட்டினார். மிதந்தவை பப்பாளி விதைகள் அல்ல; உள்ளீடு முற்றாத இலேசான மணிகள். இத்தகைய மணிகள் எந்த அறுவடையிலும் ஓரளவு இருப்பதனால்தான் வணிகத்தில் லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் கொள்ளளவை நிரப்பும் மிளகின் கிராம் எடை, அளவுகோலாக வழங்குகிறது. நன்கு தூற்றித் துப்புரவாக்கிய முதல் தர மலபார் மிளகுக்கு அது 550 என்று கொள்ளப்படுகிறது. மேலும், இலேசான மணிகள் வீணானவையும் அல்ல. மிளகின் மணத்தையும் காரத்தையும் கரைப்பானால் பிரித்தெடுத்த பிசினாகிய ஒலியோரெசினைத் தயாரிக்கும் ஆலைகள், கொச்சிக்குக் கிழக்கே கோலஞ்சேரிப் பக்கத்தில் இருப்பவை உட்பட, அவற்றை விரும்பியே வாங்குகின்றன.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. 2012 டிசம்பரில் கொச்சியின் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான டன் மிளகு, கனிம எண்ணெய் பூசப்பட்டதாக எழுந்த புகாரினால் முத்திரையிடப்பட்டது. பூஞ்சையை மறைத்துப் பளபளப்பூட்டப் பூசப்படும் அந்த எண்ணெயை நீர்க்குவளை காட்டிக்கொடுப்பதில்லை. எண்ணெய் பூசிய முற்றிய மிளகும் அடியில்தான் தங்கும். ஆகவே படம் கற்பித்த பாடம் பொய்யன்று எனினும், குற்றமற்ற மணியின்மேல் ஐயத்தையும் குற்றமுள்ள மணியின்மேல் நம்பிக்கையையும் ஒருசேர வளர்க்கிறது. இவையனைத்தையும் படத்தில் சேர்க்கலாமே என்று கணக்கர் சொன்னதற்கு, “சேர்த்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள், மாமா” என்றான் பையன். அது உண்மையாகவும் இருக்கலாம்.

கோயம்புத்தூர்க்காரருக்குப் பதில் சொல்ல, பாண்டிகசாலையில் நெடுங்காலமாக முறத்தில் மிளகு புடைக்கும் அக்காவிடம் தொலைபேசி கொடுக்கப்பட்டது. மிதந்த மணியை விரல்களுக்கிடையே நசுக்கச் சொன்னார்; உள்ளே என்ன நிறம், வாயிலிட்டால் காரம் எப்போது ஏறுகிறது, பப்பாளி விதையின் கசப்பு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்சு நெடுநேரம் நீடித்தது. இறுதியில் கோயம்புத்தூர்க்காரர் இரண்டு கிலோ அனுப்பச் சொன்னார்.

ஆகஸ்ட் 22

தொலைபேசி அக்காவிடமே இருக்கிறது.

செப்டம்பர் 16

யூடியூப் தன் ‘ஷார்ட்ஸ்’ என்னும் 15 நொடிப் படங்களுக்கான வசதியை முதன்முதலாக இந்தியாவில் சோதிக்கப்போவதாக அறிவித்துள்ளது. 15 நொடியில் நீரில் விழும் மிளகைக் காட்டலாம். லிட்டர் எடையை விளக்க முடியாது. பையன் உற்சாகமாக இருக்கிறான். கணக்கருக்கு எரிச்சல், காரணத்தை எழுதாமல் விடுவதே நன்று.

டிசம்பர் 12

இன்று தொடங்கியிருக்கவேண்டிய கொச்சி-முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சி தள்ளிப்போடப்பட்டுவிட்டது. தெரு காலி. ஆனால் பொட்டலங்கள் போகின்றன.

2021 ஜனவரி 31

கல்லூரிகள் இம்மாதம் திறந்ததும் பையன் கேமராவுடன் போய்விட்டான். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ குழுவினரோடு ராகுல் காந்தி காளான் பிரியாணி உண்ட படம் இந்த வாரம் எல்லாக் கைப்பேசிகளிலும் ஓடுகிறது. அம்மியில் மசாலா அரைப்பது முதல் அனைத்தும் அதில் செய்துகாட்டப்படுகின்றன எனினும், நூறு பேருக்குச் சமைக்கும் அந்த முறையைப் பார்ப்பவர் எவரும் தம் வீட்டில் பின்பற்றப்போவதில்லை. பாடத்தின் வடிவில் இருக்கும் அது பாடமாகப் பார்க்கப்படுவதில்லை. மாறாக, மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நூலை வாங்கியவர்கள் அடுப்புக்கு அருகில் வைத்தே படித்தனர். இக்கடையின் நீர்க்குவளைப் படம் இவ்விரண்டில் எவ்வகை என்று முடிவுசெய்ய முடியவில்லை.

பிப்ரவரி 18

புதிய அறுவடை வயநாட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் வந்து இறங்கியிருக்கிறது. படத்தைப் பார்த்து வந்த ஆர்டர் எது, அக்காவிடம் பேசியதால் வந்தது எது என்று பேரேட்டில் பிரித்தெழுதும்படி முதலாளி கேட்டார். பெரும்பாலானவர் படம் பார்த்தே அழைக்கிறார்கள்; அதில் விளங்காததைக் கேட்கவே அழைக்கிறார்கள்; பேசிய பிறகே வாங்குகிறார்கள். எந்தக் கட்டத்தில் பதிவது?

அக்கா கூலி உயர்வு கேட்டிருக்கிறார். புடைக்கும் வேலைக்கா, பேசும் வேலைக்கா என்று முதலாளி திருப்பிக் கேட்டார். முடிவு சொல்லப்படவில்லை.