சிறு செய்திகளின் பரக்கத்



பெண்கள் இருவர் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினால், அதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. புறமும் பொய்யும் கலந்த பேச்சு வெட்டிப் பேச்சுதான். அதற்கு அல்லாஹ்விடம் கணக்கும் உண்டு. ஆயினும் செடி பூத்ததையும், பிள்ளை நடந்ததையும், விடுமுறைக்குச் சென்று வந்த இடத்தையும் தோழியர் பகிர்ந்துகொள்வதை அந்தக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்புவதில்லை.

நாங்கள் நால்வர். தக்கலையில் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் தக்கலையிலேயே இருக்கிறேன். ஒருத்தி குலசேகரத்தில் வாழ்க்கைப்பட்டாள். மற்றொருத்தி கோட்டாற்றில் இருக்கிறாள். நான்காமவள் கணவருடன் தம்மாமில் வசிக்கிறாள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நால்வரும் ஒன்றாகப் பேசுவது பல ஆண்டுப் பழக்கம். குலசேகரத்துத் தோழி தோட்டத்து நல்லமிளகையும் மரச்சீனியையும் பற்றிச் சொல்வாள். கோட்டாற்றுத் தோழிக்கு மண் தரை கிடையாது. மாடியில் பதினைந்து தொட்டிகள் வைத்திருக்கிறாள். தம்மாம் தோழிக்குச் சன்னலோரத்தில் ஒரு புதினாத் தொட்டி. அதற்கே அவள் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வாள். நான் பேரனைப் பற்றிச் சொல்வேன். மட்டிப்பழத்தை மசித்துக் கொடுத்தால் எத்தனை வாய் வாங்கினான் என்பது வரையில்.

இத்தகைய பேச்சுக்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இடம் இருந்தது. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் சிறு பிள்ளை. அவர் வளர்த்த சின்னஞ்சிறு குருவி இறந்துபோனது. நபியவர்கள் அந்தப் பிள்ளையிடம் குருவி என்னவாயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. ஒரு சமுதாயத்தின் பாரத்தைத் தோளில் சுமந்தவர்களுக்கு ஒரு பிள்ளையின் குருவியைக் கேட்க நேரம் இருந்தது. ஃபஜ்ர் தொழுதபின் சூரியன் உதிக்கும் வரை நபியவர்கள் அமர்ந்திருப்பார்கள். தோழர்கள் பழங்கதைகள் பேசிச் சிரிப்பார்கள். நபியவர்கள் புன்னகைப்பார்கள் என்று ஜாபிர் பின் சமுரா (ரலி) அறிவிக்கும் செய்தியும் முஸ்லிமில் இருக்கிறது.

இந்தச் சிறு விசாரிப்பு என்ன செய்யும் என்பதைச் சென்ற ஆண்டுக் கோடையில் நேரில் கண்டேன்.

மே மாதத் தொடக்கத்தில் பிள்ளைகளோடு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் செல்லத் திட்டமிட்டிருந்தோம். கோட்டாற்றுத் தோழி முதலில் வருவதாகச் சொன்னாள். பிறகு பார்க்கலாம் என்றாள். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாகவே அவள் தன் தொட்டிகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்டதற்கு, "அல்ஹம்துலில்லாஹ், சுகம்" என்றாள். அப்போது குலசேகரத்துத் தோழி கேட்டாள்: "என்னடி, கறிவேப்பிலை துளிர்த்துதா?" சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "பட்டுப்போச்சு. தண்ணி ஊத்தவே மாடிக்குப் போகல்ல" என்றாள்.

ஒருநாளும் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தவறாதவள் அவள். மறுநாள் காலை நாங்கள் இருவரும் பேருந்தில் கோட்டாற்றுக்குச் சென்றோம். மாங்காய் ஊறுகாய் கொண்டு வந்ததாகச் சொல்லி உள்ளே அமர்ந்தோம். தேநீர் ஆறும் முன்னே அவள் அழத் தொடங்கினாள். வளைகுடாவில் இருக்கும் கணவருக்கு நான்கு மாதங்களாகச் சம்பளம் வரவில்லை. ஜூன் மாதம் இரு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். உம்மாவிடமும் சொல்லவில்லை, வாப்பாவுக்கு இதயநோய் என்பதால் அஞ்சியிருக்கிறாள். வட்டிக்குக் கடன் தருகிறவர் ஒருவரின் எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தாள்.

வட்டி எனும் நெருப்பு வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. அன்று மாலையே தம்மாம் தோழியையும் அழைத்து, மூவருமாக வட்டியில்லா அழகிய கடன் ஏற்பாடு செய்தோம். சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதிவைக்கச் சொல்கிறது. ஆகவே தொகையையும் தவணையையும் எழுதி, சாட்சிகளும் வைத்தோம். தோழிக்குத் தோழி எழுத்தெதற்கு என்று எவரும் கேட்கவில்லை. எழுதியதால்தான் அவளால் தலை நிமிர்ந்து வாங்க முடிந்தது. கணவர் வேறு வேலையில் சேர்ந்தபின், தவணை முடிவதற்கு முன்பே முழுவதையும் திருப்பித் தந்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

பின்னொரு நாள் அவள் சொன்னது என் நெஞ்சில் தங்கிவிட்டது. "ஏதும் கஷ்டமா என்று கேட்டிருந்தால் இல்லையென்றே சொல்லியிருப்பேன். கறிவேப்பிலையைக் கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை."

பெரிய கேள்விக்கு நாம் எல்லோரும் ஆயத்தமான பதிலை வைத்திருக்கிறோம். சிறிய கேள்விக்கு அப்படி வைத்திருப்பதில்லை. ஆனால் அந்தச் சிறிய கேள்வியைக் கேட்பதற்குத் தோழியின் மாடியில் என்ன செடி இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாரந்தோறும் பேசிய வெள்ளிக்கிழமைகள்தாம் எங்களுக்கு அதைத் தெரிவித்திருந்தன.

அந்த மே மாதம் அவளும் பிள்ளைகளும் மாத்தூருக்கு வந்தார்கள். 1966இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம், கீழே பறளியாறு ஓட, ஏறத்தாழ 115 அடி உயரத்தில் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு வாய்க்கால் நீரைக் கொண்டுசெல்கிறது. பிள்ளைகள் பாலத்தின் மீது நடந்து போய்த் திரும்பி வந்தார்கள். மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டோம். கடனைப் பற்றி அன்று எவரும் வாய் திறக்கவில்லை.

எங்களுக்குள் சில ஒழுங்குகள் உண்டு. அங்கில்லாதவரைப் பற்றிய குறை பேசுவதில்லை. சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் அதை இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு ஒப்பிடுகிறது. ஒருத்தி சொன்ன துன்பம் மற்ற மூவரிடம் அமானிதம். கோட்டாற்றுத் தோழியின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். சுற்றுலாப் படங்களை அனுப்புமுன், அவற்றைப் பார்ப்பவர்களில் எவர் போக முடியாமல் இருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்போம். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். படத்தை மட்டும் அனுப்பிவிட்டு அமர்ந்துவிடாமல், இயன்ற இடத்தில் பங்கையும் அனுப்புவதே அதற்கு ஏற்றது.

இவ்வாண்டுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குலசேகரத்துத் தோழியின் ரப்பர் மரங்களோடு பழைய சக்கை மரமும் சாய்ந்தது. அடுத்த இடவப்பாதி மழையில் அவள் நட்ட வருக்கைச் சக்கைக் கன்று, இந்தக் கோடையில் முதன்முதலாகக் காய்த்தது. மதீனாவில் முதற்கனி வந்தால் நபியவர்கள் பரக்கத்துக்காக துஆ செய்து, அங்கிருக்கும் மிகச் சிறிய பிள்ளைக்கு அதைக் கொடுப்பார்கள் என்பது முஸ்லிமில் வரும் செய்தி. அதன்படி முதற்சுளையை அவள் என் பேரனுக்குக் கொடுத்தாள். தம்மாம் தோழி வெகுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சக்கைக்கொட்டையைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம்.

சகோதரிகளே, நெடுநாளாகப் பேசாத தோழி ஒருத்தி உங்களுக்கும் இருப்பாள். இன்று அஸருக்குப் பின் அவளை அழையுங்கள். நலமா என்று கேட்டதோடு நிறுத்திவிடாமல், அவள் வீட்டு முருங்கை பூத்ததா, இளையவனுக்குப் பல் முளைத்ததா என்றும் கேளுங்கள். பதில் வரும் வரை பொறுமையாகக் காத்திருங்கள். நம் பேச்சுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.