நிலமும் பொழுதும்: ஜேர்மனியின் முந்திரிகைத் தேறல்

சைவ மரபிற் கால்கொண்ட கல்லூரியின் மலரில் மதுவைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என அன்பர் சிலர் வினவக்கூடும். கள்ளுண்ணாமையை ஓரதிகாரத்தால் வலியுறுத்திய வள்ளுவரை நாளும் கற்பிக்கும் யான், எவரையும் பருகத் தூண்டப் புகுந்தேனல்லன். வைன் எனப்படும் முந்திரிகைத் தேறலுக்கு ஜேர்மனியர் பெயரிடும் முறையிலே தமிழாசிரியன் கண்டு மகிழத்தக்க இலக்கணம் ஒன்றுண்டு. அதனையே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

என்னுடன் இக்கல்லூரியிற் பயின்று, 1990களிற் புலம்பெயர்ந்த நண்பரொருவர் மோசல் ஆற்றங்கரைச் சிற்றூரொன்றில் வாழ்கின்றார்; அறுவடைக் காலத்தில் முந்திரிகைத் தோட்டங்களில் வேலைசெய்பவர். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி பிறக்கும் வேளையில் அவரில்லத்திற் சின்னாள் தங்கினேன். தேறலை யான் தொட்டிலேன். அன்று பிழிந்த பழச்சாற்றை மட்டும் சுவைத்தேன். இனிப்பை முந்திக்கொண்டு புளிப்பு நாவிலேறியது.

அப்புளிப்புக்குக் காரணம் குளிரே. 50ஆம் பாகை வட அகலக்கோடு மைன்ஸ் நகரூடாகச் செல்கின்றது. முந்திரிகை செவ்வனே முதிரும் எல்லையின் வடவோரம் அது. நம்மூரிற் குலைகள் பந்தலின் நிழலிலே தொங்கும். மோசல் மலைச்சரிவிலோ கொடி ஒவ்வொன்றையும் தனிக்கம்பில் நிறுத்தி, கிடைக்கும் வெயிலனைத்தையும் ஏற்கச் செய்யும் வழக்கமுண்டு. சிறந்த தோட்டங்கள் தென்திசை நோக்கியவை. பிள்ளைகள் எழுதிப் பழகிய சிலேற்றுப் பலகையின் கல்லே அங்கு மண்ணாகப் பரந்துள்ளது. அது பகலில் வெப்பத்தை உண்டு இரவில் உமிழும்.

ஜேர்மனியில் இத்தகைய விளைநிலப் பகுதிகள் 13 உள. மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஓரிலட்சம் ஹெக்ரயர். அவற்றுட் பெரியது றைன்ஹெசன். மோசலும் றைன்கௌவும் றீஸ்லிங் என்னும் வெண்முந்திரிகையாற் புகழ்பெற்றவை. பிறாங்கன் பகுதி சில்வானர் இனத்துக்கும், தட்டையான வயிறுடைய போத்தலுக்கும் பெயர்போனது. வெம்மை மிக்க பாடனில், கைசர்ஸ்ரூல் என்னும் எரிமலைக் குன்றுகளிலும், சிறிய ஆர் பள்ளத்தாக்கிலும் ஸ்பேற்புர்குண்டர் என்னுஞ் செம்முந்திரிகை சிறக்கும். கிழக்கே சாலே-உன்ஸ்ருற், சாக்சன் என்பன உள. 1435ஆம் ஆண்டுக் கணக்கேட்டிலேயே குறிக்கப்பெற்ற றீஸ்லிங், இன்று முழுப் பரப்பின் நாலிலொரு பங்கை அண்மிய நிலத்தில் வளர்கின்றது. அது தாமதித்து முதிர்வது. புளிப்பை எளிதில் இழவாதது.

இனிப் பெயரிலக்கணத்துக்கு வருவோம். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். 'பேர்ன்காஸ்ரலர் டொக்ரர் றீஸ்லிங் ஸ்பேற்லேசெ' என்றொரு பெயரை நோக்குமின். பேர்ன்காஸ்ரல் ஊர், அதன் ஈற்றிலுள்ள 'அர்' உரிமை சுட்டும் விகுதி, டொக்ரர் அவ்வூர்த் தோட்டம், றீஸ்லிங் கொடியினம், ஸ்பேற்லேசெ என்றால் தாழ்த்துப் பறித்தது. நிலம் முன்வர, கரு இடைநிற்க, பொழுது இறுதியில் அமைகின்றது! 1971ஆம் ஆண்டுச் சட்டம் கபினெற், ஸ்பேற்லேசெ, அவுஸ்லேசெ என முதிர்ச்சிப் படிகளை வகுத்தது. பெயர் பொழுதைச் சுட்டினும், சட்டம் அளப்பது பிழிந்த சாற்றின் அடர்த்தியையே.

ஆயினும் அந்நிலமும் அப்பொழுதும் இன்று நிலைகுலைகின்றன. ஐஸ்வைன் என்பது கொடியிலேயே உறைந்த பழத்தை உறைந்தவாறே பிழிந்து பெறுவது. அதற்குப் பூச்சியத்தின் கீழ் 7 பாகைக் குளிரேனும் வேண்டும். 2019ஆம் ஆண்டு விளைச்சலில் நாடெங்கும் ஐஸ்வைன் கிடைத்திலது, அக்குளிர் வரவேயில்லை. 2021 ஆடி மாதத்தில் ஆர் பள்ளத்தாக்கிற் பெருகிய வெள்ளம் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரையும் பல தேறற்சாலைகளையும் கொண்டுபோயிற்று.

சரிவுகளோ ஆளின்றி வெறுமையாகின்றன. பிறெம் ஊரின் கல்மொன்ற் மலை சிலவிடங்களில் 65 பாகை வரை செங்குத்தானது. அத்தகைய சரிவுகளிற் பெரும்பாலான வேலை மனிதர் கையாலேயே நடைபெற வேண்டும். நண்பருடன் தோட்டமொன்றின் அடியில் நின்றபோது, மேல்வரிசைகள் பல முட்புதர் மண்டிக் கிடந்தன.

"மச்சான், உதில ஏறுறதுக்கு இந்த ஊர்ப் பிள்ளையள் இப்ப இல்லை. வெளியில இருந்து வந்த நாங்கள்தான் ஏறுறம்" என்றார் அவர்.

அவர் தந்தையாரின் புகையிலைத் தோட்டம் இங்கே முப்பதாண்டுகளாகத் தரிசாய்க் கிடப்பதை யான் அறிவேன். அவரும் அதனை நினைந்திருத்தல் வேண்டும். சிறிதுநேரம் இருவரும் பேசிலோம். தம் மண்ணைத் தரிசாக விட்டுச் செல்ல நேர்ந்த ஒருவர், பிறர் மண் தரிசாகாமற் காக்கின்றார். போத்தலின் மேல் ஊருண்டு, கொடியுண்டு, பொழுதுண்டு. அவர் பெயர் அங்கில்லை. கல்லூரி மலராவது அவருழைப்பை நினைவுகூர்தல் தகும் எனக் கருதியே இதனை எழுதலானேன்.