பின்லாந்தின் கணக்கும் எங்கள் குத்துவிளக்கும்

2016-இல் எங்கள் வீட்டில் ஒரு திருட்டு நடந்தது. இரண்டு குத்துவிளக்குகள், ஒரு பித்தளை அண்டா, பழைய கைபேசி. மூன்றாம் நாளே ஒருவன் பிடிபட்டான், வயது பத்தொன்பது. காவல்நிலையத்தில் அவனைப் பார்த்ததும் "நன்றாக உள்ளே கிடக்கட்டும்" என்று சொன்னவர்கள் நாங்கள்தாம். சொல்லிவிட்டு மறந்தும் போனோம். பதினோரு மாதங்கள் கழித்துச் சாட்சி சொல்ல அழைப்பாணை வந்தபோதுதான், அவன் இன்னும் விசாரணைக் கைதியாகவே இருப்பது தெரிந்தது. ஜாமீன் வழங்கப்பட்டிருக்கிறது, கையெழுத்திட இரண்டு ஜாமீன்தாரர்கள் கிடைக்கவில்லை.

நார்வேயின் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டியை நாங்கள் வாசிக்கத் தொடங்கியது அதன் பிறகு. ஒரு நாட்டில் எத்தனை பேர் சிறையிலிருக்கிறார்கள் என்பது அங்கு எவ்வளவு குற்றம் நடக்கிறது என்பதைப் பொறுத்ததன்று, எவ்வளவு வலியைத் தர அந்தச் சமூகம் சம்மதிக்கிறது என்பதைப் பொறுத்தது என்பார் அவர். முதலில் இது எங்களுக்கு மிகையாகவே பட்டது. பின்லாந்தைப் பற்றிப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

1918-இன் உள்நாட்டுப் போர், பிறகு சோவியத்துடன் இரண்டு போர்கள், பழைய கடுமையான சட்டங்கள். இவற்றின் நிழலில், 1950-களின் தொடக்கத்தில் பின்லாந்தில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 190 பேர் சிறையில் இருந்தனர். அண்டை நாடான ஸ்வீடனைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. குற்றங்களிலோ அப்படியொரு வேறுபாடு இல்லை. திருடனும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனும் அங்கே நெடுநாள் உள்ளே இருந்தார்கள், அவ்வளவுதான். இது நாட்டுக்கு வெட்கக்கேடு என்று சில நீதிபதிகளும் அதிகாரிகளும் பேராசிரியர்களும் கருதினார்கள். குற்றவியல் பேராசிரியரான இன்கெரி அன்டிலா 1975-இல் நீதித்துறை அமைச்சராகவே இருந்தார். 1972-இல் திருட்டுக்கான தண்டனை குறைக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே குடிபோதையில் வண்டி ஓட்டியோருக்குச் சிறைக்குப் பதில் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் பெருகின. 1990-களில் சமூகப்பணித் தண்டனை வந்தது. நூற்றாண்டின் இறுதியில் எண்ணிக்கை அறுபதை ஒட்டி இறங்கிவிட்டது. இடைக்காலத்தில் குற்றங்கள் கூடியே இருந்தன, ஆனால் மற்ற நார்டிக் நாடுகளில் கூடிய அளவுக்குத்தான்.

இதே காலத்தில் அமெரிக்கா எதிர்த்திசையில் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் லட்சத்துக்கு 160 என்ற அளவிலிருந்து, 2008-இல் 750-ஐ எட்டியது. அதன் பிறகு குறைந்துவந்தாலும் இன்னும் மிக உயர்ந்த வரிசையில்தான் இருக்கிறது. அங்கே பெரும்பாலான அரசு வழக்கறிஞர்கள் தேர்தலில் வென்று வருகிறவர்கள். கருணை காட்டியவர் அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் சொல்லவேண்டும்.

எல் சால்வடோரைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 2022 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து, பல்லாயிரம் பேரைப் பிடித்து அடைத்தார்கள். கொலைகள் பெரிதும் குறைந்தன. 2024-இல் அதே அதிபரை மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். கும்பல்களிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த மக்களைக் குறைசொல்ல, இரண்டு குத்துவிளக்குகளை இழந்த எங்களுக்கு யோக்கியதை இல்லை.

இந்தியாவின் எண்ணோ லட்சத்துக்கு நாற்பதை ஒட்டியது. பட்டியலில் நாம் சாதுக்கள். ஆனால் 2022-இல் நம் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். எங்கள் பையனும் அப்படியொரு எண்ணாக ஒரு வருடம் இருந்தவன். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு அன்று அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள்.

நாங்கள் நீதிமன்றம் சென்ற அன்று அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இருந்த நாட்களே தண்டனை என்று கழித்துவிட்டார்கள். எங்களைக் கூண்டில் ஏற்றவேயில்லை. வெளியே பேருந்து நிறுத்தத்தில் அவனுடைய தாயார் நின்றிருந்தார். உள்ளே நீதிபதிக்குப் பதில் சொன்னபோது அவரைப் பார்த்திருந்தோம். ஐந்தாம் எண் போய்விட்டதா என்று எங்களிடமே கேட்டார். நாங்கள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் வரவில்லை அம்மா என்றோம்.