பாக்கும் புக்கும்

குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் திரும்புகிறவனைப் போல் பரிதாபத்துக்குரியவன் உலகத்தில் கிடையாது. சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தக் கதி நேர்ந்தது. மலையில் பெருமழை, பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தலையில் தேய்த்த எண்ணெயோடு நண்பர் வீட்டுத் திண்ணைக்கே திரும்பி வந்து சேர்ந்தேன்.

திண்ணையில் நண்பரின் மகள் நோட்டுக்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தென்காசிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. இங்கிலீஷும் அவள்தான் எடுக்கிறாள்.

"என்னம்மா, பிள்ளைகள் இன்னும் 'இஸ்கூல்' என்றுதான் சொல்கிறதுகளா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "வேற எப்படி மாமா சொல்லும்?" என்றாள்.

பிறகு உள்ளே போய், அட்டை கிழிந்த பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவளுடைய தாத்தாவின் நோட்டு. அவரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

அந்த நோட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1959-ல், அப்போதைய சென்னை ராஜ்யத்தில், தொடக்க நிலையில் இங்கிலீஷ் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெரிய முயற்சி ஒன்று தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்ஸில் அதற்குக் கைகொடுத்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அந்தச் சிலர் பலருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பலர் இன்னும் பலருக்கு. உருள உருளப் பருக்கும் பனிப்பந்தைப் போல என்று, 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்றே அதற்குப் பெயர் வந்தது. பனியைக் கண்ணால் பார்த்திராத ஊரில் பனிப்பந்து! பெரியவர் அதில் பயிற்சி பெற்றவர்.

நோட்டு முழுவதும் 'திஸ் இஸ் எ புக்', 'தட் இஸ் எ பென்' என்ற ரீதியில் வாக்கியங்கள் அணி வகுத்து நின்றன. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மாத்திரம், பென்ஸிலில், தமிழில் ஒரு குறிப்பு இருந்தது:

"பாக்கு — புக்கு. பையன் மேல் தப்பில்லை."

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள்.

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. கடைசியில் ஓர் உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். பாக்கு, பாட்டு, முத்து. அரை மாத்திரைதான் ஒலிக்கும் அந்த உகரத்துக்குக் குற்றியலுகரம் என்று பெயர். தொல்காப்பியர் அதற்கென்று ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறார். 'புக்' என்ற சொல்லைக் கேட்ட தமிழ்க் குழந்தை, பிறந்தது முதல் அறிந்த விதிப்படி அதைப் 'புக்கு' என்கிறது. சொல்லின் முதலில் மெய்யெழுத்துத் தனியே நிற்காது என்பது இன்னொரு விதி. அதனால்தான் 'இஸ்கூல்'. ஸ்நேகத்தை நாம் சிநேகமாக்கியதும் இந்த விதியால்தான். சிநேகம் என்று எழுதுகிறவனை யாரும் கேலி செய்வதில்லை. ஏன், லத்தீனில் 'ஸ்கோலா' என்று இருந்த பள்ளிக்கூடம் ஸ்பானிஷ்காரர் வாயில் 'எஸ்குவேலா' ஆகவில்லையா?

"அப்படியானால் திருத்தவே வேண்டாமா?" என்று கேட்டேன்.

"திருத்தணும் மாமா. எதைத் திருத்தணும்னு தெரிஞ்சு திருத்தணும். 'கப்'னு சொல்லிட்டு உதட்டைத் திறக்காம அப்படியே நில்லுன்னு சொல்லுவேன். திறந்தாத்தானே 'உ' ஓடி வரும்? 'ஸ்கூல்'னா, பாம்பு சீறுற மாதிரி முதல்ல 'ஸ்ஸ்'னு இழுக்கச் சொல்லுவேன். 'இ' வர இடமே இருக்காது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு."

சொல்லோடு நிற்கவில்லை, வாக்கியத்துக்கும் வந்தாள். 'தி' என்ற சொல் தமிழில் இல்லை என்று நாம் கை விரித்துவிடுகிறோம். சொல் இல்லை; ஆனால் அது செய்யும் வேலையில் ஒரு பங்கு நம்மிடம் நடக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால், நீயும் நானும் பேசிக்கொண்டிருந்தோமே, அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு அதைச் செய்கிறது. 'தி'யின் கணக்கு முழுவதும் இதில் தீராது. ஆனாலும் குழந்தைக்கு வழி தெரியும். 'நேற்று வந்திருக்கிறான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதையே இங்கிலீஷில் 'ஹி ஹாஸ் கம் எஸ்டர்டே' என்று சொன்னால் தப்பு. தப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஆசிரியை பிரம்பைத் தேட மாட்டாள்.

"நம்ம ஊர்ப் பேரையே பாருங்களேன்," என்றாள். குற்றாலத்தை வெள்ளைக்காரர் தமக்குப் பழக்கமான 'கோர்ட்' என்ற சொல்லின் எழுத்துக்களைப் போட்டு எழுதினார்கள். இங்கிலீஷில் எழுதிய பலகைகளில் இன்றும் அதைக் காணலாம். அவர்கள் காதும் தாய்மொழியின் காதுதானே? அதற்காக அவர்களை யாரும் பெஞ்சின் மேல் ஏற்றவில்லை!

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும், எத்தனையோ சபைகளில் வேடிக்கையாகச் சொன்ன பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. அவளிடமும் சொன்னேன்.

கதை எழுதிப் பிழைக்கலாம் என்ற அசட்டுத் தைரியம் வருவதற்கு முன்னால் நான் டியூஷன் வாத்தியார். ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் ஒருவன் பூ விற்கும் அம்மாளின் மகன். அவன் 'இஸ்கூல்' என்றான். நான் அதே மாதிரி இழுத்துச் சொல்லிக் காட்டினேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதுவே அவனுக்குப் பட்டப் பெயராயிற்று. முதலில் அவன் பதில் சொல்வதை நிறுத்தினான்; பிறகு வருவதையே நிறுத்திவிட்டான். மாதக் கடைசியில் அவன் தாயார் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாக்கிப் பணத்தை என் கையில் வைத்தாள். "அவனுக்குப் படிப்பு ஏறலியாம் ஸார்," என்றாள். நான் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

சபைகளில் இந்தக் கடைசிப் பகுதியை நான் சொல்வதில்லை. அன்று எப்படியோ அதுவும் வந்துவிட்டது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் சொன்னது, அவங்க அம்மைகிட்டப் படிச்ச இலக்கணம்லா மாமா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

படிப்பு ஏறவில்லை என்று அந்தத் தாய் சொன்னாளே, உண்மையில் படிப்புப் போதாமல் இருந்தது யாருக்கு? இங்கிலீஷ் எனக்குத் தெரியும். தமிழும் தெரியும் என்றே நினைத்திருந்தேன். இரண்டும் ஒரு சிறுவனின் நாக்கில் சந்திக்கிற இடம் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியருக்கு வேண்டியது அந்த இடத்தைப் பற்றிய அறிவுதான். நம் வீட்டுப் பிள்ளைகளின் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கும் நமக்கும் அது கொஞ்சம் வேண்டும்.

சாயங்காலம் தடையை நீக்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு நண்பர் துண்டோடு வந்து நின்றார். நோட்டு இன்னும் என் மடியில்தான் இருந்தது. புறப்படுவதற்கு முன் அந்தப் பக்கத்தை மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். பென்ஸில் எழுத்து மங்கிப் போயிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.