விட்டுக்கொடுத்த சீட்டு

மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் கோத்தா கோலா மூடா. படகுகள் கரை திரும்பியதும் இங்கு நடைபெறும் மீன் ஏலத்தில் கூச்சலே இராது. வாங்க வந்தவர் விற்பவரின் காதருகே குனிந்து, தாம் தரும் விலையை மெல்லச் சொல்லிவிட்டு விலகுவார். அடுத்தவர் சொன்ன விலை இவருக்குத் தெரியாது. அதிகம் சொன்னவருக்கே மீன். அதனால்தான் இதற்குப் ‘பாசார் பிசிக்’, அதாவது கிசுகிசுச் சந்தை என்று பெயர். குறைத்துச் சொன்னால் கூடை கைநழுவும். கூட்டிச் சொன்னால் இலாபம் கரையும்.

இந்தச் சந்தையில் மீன் எடுத்து, தோட்டப்புறங்களுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுசென்று விற்பவர் ஒருவர். நான்காம் படிவத்தில் பயிலும் அவருடைய அக்காள் மகனுக்கு மீனில் நாட்டமில்லை. திறன்பேசியில் ‘கிளாஷ் ரோயல்’ ஆடுவதில்தான் நாட்டம். பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் வெளியிட்ட சீட்டுப்போர் விளையாட்டு அது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அதில் இந்தோனேசியா தங்கம் வென்றது.

வழக்கமான ஆட்டத்தில் ஒருவர் தமக்குப் பழகிய எட்டுச் சீட்டுகளுடன் களமிறங்கி, எதிராளியின் கோபுரங்களைத் தகர்க்க முனைவார். சில நாள்களுக்கு மட்டும் திறக்கப்படும் ‘டிராஃப்ட்’ சவாலில் அந்த வசதி இல்லை. கணினி இரண்டு சீட்டுகளைக் காட்டும். ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், மற்றொன்று எதிராளிக்குப் போய்விடும். இப்படி நான்கு முறை. அதே வேளையில் எதிராளி வேண்டாமென்று தள்ளிய நான்கு சீட்டுகள் இவரிடம் வந்து சேரும். மூன்று முறை தோற்றால் சவால் முடிந்தது.

மாணவன் ஒவ்வொரு முறையும் வலிமைமிக்க சீட்டையே எடுத்தான். இருந்தும் தோற்றான்.

“எல்லாம் அதிர்ஷ்டம் மாமா! நல்ல சீட்டே வரமாட்டேங்குது,” என்று சலித்துக்கொண்டான்.

மாமா திரையை எட்டிப் பார்த்தார். “நீ எதை எடுத்தேன்னு சொல்ற. எதை விட்டேன்னு சொல்லலையே? நான் ஒரு கூடை கெம்போங்கை விட்டா, அது இன்னொருத்தர் வண்டியில அதே தோட்டத்துக்குத்தான் வரும். அதைச் சமாளிக்க என் வண்டியில என்ன இருக்குன்னு பார்த்துட்டுத்தான் விடுவேன்.”

அவன் யோசித்தான். ‘பலூன்’ என்ற சீட்டு வானில் பறந்துவந்து கோபுரத்தின்மீது குண்டு போடும். அதை எதிராளிக்கு விட்டவன், வானத்தை நோக்கிச் சுடும் ‘மஸ்கட்டியர்’ அல்லது ‘ஆர்ச்சர்ஸ்’ போன்ற சீட்டை அடுத்த தேர்வுகளில் தேடியிருக்க வேண்டும். அவனோ தரையில் மட்டும் போரிடும் ‘பெக்கா’வை எடுத்து மகிழ்ந்திருந்தான். பெக்கா எவ்வளவு வலிமையானதாக இருந்தால் என்ன? தலைக்குமேல் பலூன் போவதை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும்.

செலவுக் கணக்கும் உண்டு. சீட்டை இறக்க ‘எலிக்ஸர்’ எனும் ஆற்றல் வேண்டும். அது ஏறத்தாழ 2.8 விநாடிக்கு ஒன்று வீதம் ஊறும். பத்துக்கு மேல் சேராது. பெக்காவுக்கு 7, ‘கோலெமு’க்கு 8. இப்படிப்பட்டவற்றையே அள்ளிக்கொண்டால், எதிராளி மூன்றே எலிக்ஸரில் ‘நைட்’டை அனுப்பும்போது கைகட்டி நிற்க நேரிடும். எதிராளி தள்ளிவிடும் நான்கும் எவையென்று ஆட்டம் தொடங்கும்வரை தெரியாது. ஆகவே தன் நான்கில் ஒன்றிரண்டாவது மலிவானதாக இருப்பது நல்லது.

இந்த ஆட்டத்தில் அதிகம் பேசப்படாத நன்மை ஒன்றுண்டு. எதிராளியின் எட்டில் நான்கை இவனே கொடுத்திருக்கிறான்; அவை என்னவென்று நன்றாகத் தெரியும். மேலும், ஒருவர் இறக்கிய சீட்டு, வேறு நான்கு சீட்டுகளை இறக்கிய பின்னரே அவர் கைக்குத் திரும்பும். பலூன் போனதும் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினால், அது மீண்டும் எப்போது வரும் என்பதைக் கணித்துவிடலாம். கிசுகிசுச் சந்தையில்கூட இவ்வளவு தெளிவு கிடைக்காது!

முதல் சவாலுக்குக் கட்டணம் இல்லை. மூன்றாவது தோல்விக்குப்பின் மறுபடி நுழைய ‘ஜெம்’ என்னும் விளையாட்டு மணிகள் தேவை. அவற்றை உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பது விரலை அவசரப்படுத்தும். மாமா சந்தைக்குப் போகும்போது அன்றைய முதலை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை வீட்டில் வைத்துவிடுவார். மாணவனும் பணம் போட்டு மணி வாங்குவதில்லை என முடிவுசெய்தான்.

அடுத்த வாரம் சவால் மீண்டும் திறந்தது. ஆறு வெற்றி, இரண்டு தோல்வி. ஏழாவது வெற்றிக்கான ஆட்டத்தில் முதல் தேர்வாகப் பலூனும் மஸ்கட்டியரும் வந்தன. பலூனை எடுத்தால் மஸ்கட்டியர் எதிராளிக்குப் போய்விடும். அது பலூனைச் சுட்டு வீழ்த்தும். சற்று நேரம் திரையையே பார்த்திருந்தவன், பலூனை விட்டுவிட்டு மஸ்கட்டியரைத் தொட்டான்.